நூலகத்துக்கு வந்த நிதி என்ன செய்தது? எந்த நிகழ்ச்சியை எப்படி அளப்பது

சொத்துவரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் வகுத்துத் தந்த வழி அது. திருச்சி மாவட்ட மைய நூலகமும் ஸ்ரீரங்கம் கிளை நூலகமும் நடப்பதில் நம் வீட்டு வரிக்கும் பங்கு உண்டு. இதற்கு மேல், 1972-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, நன்கொடையாளர்கள் என்று ஒரு குறிப்பிட்ட வேலைக்காக நூலகங்கள் பெறும் பணமும் இருக்கிறது.

அந்தப் பணம் செலவானதைக் காட்டப் பயன்பாட்டுச் சான்றிதழ் போதும். அதனால் வாசகருக்கு என்ன மாறியது என்று காட்ட அது போதாது. அதை அளக்க ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. நூலகரும் வாசகர் வட்டமும் தங்கள் நிகழ்ச்சிக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம்.

1. பதிவேட்டு எண்ணிக்கை

வருகை, உறுப்பினர் சேர்க்கை, இரவல் போன புத்தகங்கள். செலவே இல்லாத அளவு. எந்த நூலகத்திலும் தயாராக இருக்கும். ஆனால் காலையில் நாளிதழ் படிக்க வந்தவரே மாலையிலும் கையெழுத்திட்டால் கணக்கில் இரண்டு பேர். குரூப் 4 அறிவிப்பு வந்ததும் மைய நூலகத்தில் இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தைப் புதிய மேசை நாற்காலிக்கு வந்த நிதியின் பலன் என்று எழுதுவது தவறு. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நாட்களின் வருகையை வேறொரு மாதத்தோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். சென்ற ஆண்டின் அதே பருவத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

2. கருத்துப் படிவம்

அமெரிக்கப் பொது நூலகச் சங்கம் 2015-இல் ‘புராஜெக்ட் அவுட்கம்’ என்ற பெயரில் இலவசப் படிவங்களை வெளியிட்டது. அறிவு கூடியதா, தன்னம்பிக்கை வந்ததா, கற்றதைப் பயன்படுத்துவீர்களா, நூலகச் சேவைகள் பற்றித் தெரிந்துகொண்டீர்களா என்று நான்கே கோணங்களில் அவை கேட்கின்றன. நம் ஊருக்கும் பொருந்தும். ஒரே சிக்கல், நம் மரியாதை. முகத்துக்கு நேரே கேட்டால் “ரொம்ப நல்லா இருந்ததுங்க” என்றுதான் பதில் வரும். படிவத்தில் பெயர் வேண்டாம். பெட்டியில் போடச் சொல்லுங்கள். வகுப்பு எடுத்தவரே அதை வாங்கக் கூடாது.

3. செய்து காட்டச் சொல்வது

தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்ப்பது. பிள்ளைகளின் வாசிப்புக்கு, கல்வி நிலையை அளக்கும் ‘அசர்’ (ASER) ஆய்வின் முறை இருக்கிறது: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரியவர்களின் கைப்பேசி வகுப்புக்கும் இதுவே சரி. “மின்கட்டணம் கட்டத் தெரியுமா?” என்று கேட்காதீர்கள். கைப்பேசியைக் கையில் கொடுத்து, பணம் செலுத்துவதற்கு முந்தைய திரை வரை அவரே போகிறாரா என்று பாருங்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ, அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம்.

4. பிறகு அழைத்துக் கேட்பது

நிகழ்ச்சி முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் விசாரிப்பது. வாசகரின் சம்மதத்தோடு எண்ணை வாங்கிவைக்க வேண்டும். பேச ஓர் ஆள் வேண்டும். பலர் எடுக்க மாட்டார்கள். எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் பேசினார்கள் என்ற இரண்டையும் அறிக்கையில் எழுதுவதுதான் நேர்மை.

5. வாசகர் சொல்லும் மாற்றம்

வாசகர்கள் சொல்வதைத் தொகுத்து, அதில் முக்கியமான மாற்றம் எது, ஏன் என்று ஒரு குழு உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுப்பது. 1990-களில் வங்கதேசத்தில் ரிக் டேவிஸ் உருவாக்கிய முறை இது. எண்ணில் அடங்காததைப் பிடிக்கும். ஆனால் நல்ல கதைகளை மட்டும் பொறுக்கினால் அது விளம்பரம் ஆகிவிடும். பயன்படவில்லை என்று சொன்னவரின் பேச்சையும் சேருங்கள்.

எந்த நிகழ்ச்சிக்கு எது?

போட்டித் தேர்வு வாசகர்களுக்கு: பதிவேடும் தொலைபேசி விசாரிப்பும். தேர்ச்சி பெற்றவர் பயிற்சி மையத்துக்கும் போயிருப்பார், ஆகவே வெற்றியை முழுக்க நூலகத்தின் கணக்கில் எழுதாமல், “எந்தப் புத்தகம், எந்த வசதி உங்களுக்கு உதவியது?” என்று கேளுங்கள்.

கோடை விடுமுறை வாசிப்பு முகாமுக்கு: செய்து காட்டும் முறை. பள்ளி திறந்த பிறகு அந்தப் பிள்ளைகள் புத்தகம் எடுக்க வருகிறார்களா என்பதை இரவல் பதிவேட்டில் பாருங்கள்.

முதியோர் கைப்பேசி வகுப்புக்கு: செய்து காட்டலோடு கருத்துப் படிவம்.

நூலக நண்பர்கள் திட்டம்போல வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் பணிக்கு: இரவல் கணக்கும் வாசகர் சொல்லும் மாற்றமும். நூலகப் படியேற முடியாத ஒருவர் மாதம் இரண்டு புத்தகம் படித்தாலே பெரிது. அதைத் தலைக்கணக்கில் மட்டும் அளந்தால் அந்தப் பணி தோற்றதுபோலத் தெரியும்.

இந்த ஐந்தைத் தவிர, பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் செய்ததுபோல, போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 4.40 பவுண்டு மதிப்பு என்று பண மதிப்பைக் கணக்கிடும் ஆய்வுகளும் உண்டு. அது தேசிய நிறுவனத்துக்கான வேலை. கிளை நூலகத்துக்கு அந்தச் செலவு வீண். அளவீட்டுக்கு நிதியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள்.

என் பரிந்துரை: ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் எண்ணிக்கை, ஒரு மாற்றம், இரண்டே போதும். விடை எப்படி வந்தாலும் நம் முடிவு மாறாது என்றால் அந்தக் கேள்வியே வேண்டாம்.

திருச்சியில் அமையும் பெரிய நூலகத்துக்குக் காமராஜர் பெயர் சூட்டப்படும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கட்டடத்துக்குக் கூட்டம் வருவது இயல்பு. அந்த நூலகத்தால் வாசிப்பு வளர்ந்ததா என்று நாளை சொல்ல, இன்றைய நிலை என்ன என்பது கையில் இருக்க வேண்டும். மைய நூலகத்திலும் கிளைகளிலும் உள்ள வாசகர் வட்டங்கள் அந்த முதல் அளவை இந்த ஆண்டே எடுத்துவைக்க வேண்டும்.