விடுதி அறையை அமைத்துக்கொள்ள

மூங்கிலைக் குறிக்கும் பாசு என்னும் சொல்லால் பெயர் பெற்றதெனக் கூறப்படும் திருப்பாச்சூரின் அருகே, திருவள்ளூர் வட்டாரக் கல்லூரி விடுதியில் புதிதாகப் பிரவேசிக்கும் மாணவர், கடைத்தெருவுக்கு ஓடுமுன் கட்டிலையும் ஜன்னலையும் அளந்து, வாளி, துடைப்பம் ஆகியவற்றை யார் கொண்டுவருவது என்று அறைத்தோழரோடு பேசிக்கொள்வது உத்தமம்.

அலங்காரத்தையும் மூங்கிலிலிருந்தே தொடங்கலாம்: அழுக்குத் துணிக்கு மூங்கில் கூடை வைத்தால், காற்று ஊடாடுவதால் துர்க்கந்தம் தங்காது, ஜன்னலில் தொங்கும் மூங்கில் தட்டி, சித்திரை வெயிலை மறைப்பதோடு, எந்தப் படத்தையும்விட அறைக்குச் சோபை தரும் என்பது என் அபிப்பிராயம். சுவரில் ஆணி வேண்டாம். கொடிக்கயிற்றை ஜன்னல் கம்பிக்கும் கட்டிலுக்கும் இடையே கட்டினாலே போதும். டிரங்குப் பெட்டியைச் செங்கல்மேல் வைத்தால் ஐப்பசி ஈரத்தில் அடிப்புறம் துருவேறாது.

மின்சார அடுப்பை மட்டும் கொண்டுவராதீர்கள். வார்டன் பறிமுதல் செய்துவிடுவார்.