துணியில் ஒரு வசந்தத் தோரணம்

ஜப்பான் நாட்டில் மார்ச்சு 3-ஆம் நாள் பெண் குழந்தைகளின் திருநாள். 'ஹினா மட்சுரி' என்பார்கள். 'மட்சுரி' என்றால் திருவிழா. 'ஹினா' அன்று வீட்டில் வைக்கும் பொம்மை. நம் ஊரில் நவராத்திரிக்குக் கொலு வைப்பதைப் போல, சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசரும் அரசியும், பணிப்பெண்களும், இசைவாணர்களும் அமர்ந்திருப்பார்கள். முன்னாளில் இது சந்திரக் கணக்குப்படி மூன்றாம் மாதத்து மூன்றாம் நாளில் வந்தது. 1873-இல் ஜப்பான் ஆங்கில நாட்காட்டியை ஏற்றுக்கொண்ட பிறகு மார்ச்சு 3 என்று நிலைத்தது. பீச் மரம் பூக்கும் காலத்தை ஒட்டி வந்ததால் பீச்சுத் திருநாள் என்ற பெயரும் உண்டு.

இந்தப் படிப் பொம்மைகள் விலை மிகுந்தவை. செல்வர் வீட்டுப் பெண்ணுக்குக் கொலு கிடைத்தது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு? இசு தீபகற்பத்தில் இனாட்டோரி என்று ஒரு மீன்பிடித் துறைமுக ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பாட்டிமாரும் தாய்மாரும் பழைய கிமோனோ உடைகளின் துண்டுகளைச் சேர்த்துக் கையளவு பொம்மைகளைத் தைத்தார்கள். அவற்றைச் சிவப்பு நூலில் கோத்து, மூங்கில் வளையத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வளையத்துக்கு ஐந்து சரம், ஒரு சரத்துக்குப் பதினொரு பொம்மை. இப்படி இரண்டு வளையம் ஒரு சோடி. கணக்கில் கெட்டிக்காரர்கள் இதற்குள் 110 என்று சொல்லியிருப்பீர்கள்.

கியூஷு தீவிலுள்ள யானகாவா ஊரிலும் இத்தகைய தோரணம் உண்டு. அங்கே ஏழு சரம், சரத்துக்கு ஏழு பொம்மை; நடுவில் வண்ண நூல் சுற்றிய பெரிய பந்து இரண்டு சேர்த்து 51. வடக்கே சகாதா ஊரில் குடையின் விளிம்பைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். இனாட்டோரியில் இக்கலை இடையில் மங்கிப் போயிற்று. 1990-களில் அவ்வூர் மாதர் ஒன்றுகூடி மீண்டும் தைக்கத் தொடங்கினார்கள். இன்று ஆண்டுதோறும் அதைப் பார்க்கவே அவ்வூருக்கு மக்கள் செல்கிறார்கள்.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பொருள் உண்டு. பீச்சுப் பழம் தீமையை விரட்டி நீண்ட ஆயுள் தருமாம். குரங்குக்கு அவர்கள் மொழியில் 'சாரு'. விலகிப் போதலுக்கும் அதே ஒலிதான். ஆகையால் குரங்கைத் தொங்கவிட்டால் துன்பம் விலகும் என்பது நம்பிக்கை. முக்கோணம் அந்நாளில் மருந்தும் வாசனைப் பொடியும் வைக்கும் பையைக் குறிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது மிளகாய். துணிப் பெட்டியில் மிளகாய் போட்டால் பூச்சி அண்டாது அல்லவா? அதுபோல வளரும் பெண்ணிடம் பொல்லாத 'பூச்சி' எதுவும் அண்டாதிருக்கட்டும் என்று பாட்டி மிளகாய் தைத்துத் தொங்கவிடுவாள். எந்தப் பூச்சி என்பதைப் பெரிய வகுப்பு மாணவிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் கடைவாசல்களில் எலுமிச்சையோடு ஆடும் மிளகாயும் இதற்கு அக்காள் தங்கைதான்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். திருவாண்டார்கோயிலில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆயாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் நடவுக்குப் போனவர். இப்போது கண்புரை, விரல் மூட்டுகளில் வலி. பகலெல்லாம் திண்ணையில் சும்மா அமர்ந்திருக்கிறார் என்று மாணவி வருந்தினாள். முதியோருக்கு எளிய கைவேலை என்று எங்கோ படித்திருந்த நான், தையற்கடையிலிருந்து பளபளப்பான துண்டுத் துணியும் மெல்லிய ஊசியும் எடுத்துக்கொண்டு போனேன். பாலியெஸ்டர் துணி நழுவியது. ஊசிக் காது தெரியவில்லை. இரண்டு தையல் போட்டதும் ஆயா கீழே வைத்துவிட்டார். "கண்ணு தெரியல டீச்சரம்மா, நீங்களே செஞ்சிடுங்க" என்றார். நானும் செய்து முடித்து, "பார்த்தீர்களா, எவ்வளவு அழகாகச் செய்துவிட்டீர்கள்!" என்று அவர் கையில் கொடுத்து வந்தேன்.

மறுநாள் மாணவி சொன்னாள்: "ஆயா அதை மாட்ட வேண்டாம்னுட்டாங்க மிஸ். அது டீச்சரம்மா செஞ்சது, நான் செஞ்சேன்னு யாருகிட்ட சொல்றதுன்னு கேக்கறாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இனாட்டோரியில் பாட்டிதான் பேத்திக்குத் தைத்தாள். நானோ பாட்டியைக் குழந்தையாக்கிவிட்டேன். குறை ஆயாவின் கையில் இல்லை, நான் கொண்டுபோன சாமான்களில்தான். அவற்றை மாற்றி மறுபடி போனோம்.

துணி, பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்திப் புடைவை. நிறம் வெளிறாதிருக்க வேண்டும். ஊசி, காது அகன்ற பெரிய ஊசி. சாக்குத் தைக்கும் ஊசி அளவுக்குப் போனால் துணியில் ஓட்டை விழும். நூலை இரட்டையாக, துணியின் நிறத்துக்கு நேர்மாறாக எடுங்கள்: மஞ்சள் துணிக்குக் கறுப்பு, சிவப்புக்கு வெள்ளை. தையல் வெளியே தெரிந்தால் தெரியட்டும். முக்கியமான ஒன்று, பள்ளிக்குப் புறப்படுமுன் பேத்தி பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு திண்டில் குத்தி வைத்துவிட வேண்டும். வரைவதும் கத்தரிப்பதும் கூடப் பேத்தி வேலையே; மூட்டு வலிக்காரருக்குக் கத்தரிக்கோல்தான் முதல் எதிரி. வேலை காலை வெளிச்சத்தில், அரை மணி நேரம் போதும்.

முதலில் முக்கோணம். நான்கு அங்குலச் சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மூலைக்கு மூலை மடித்து, திறந்திருக்கும் இரண்டு ஓரங்களிலும் ஓட்டுத் தையல் போடுங்கள். விரல் நுழைய இடம் விட்டு, வெளிப்புறமாகத் திருப்பி, பஞ்சு அடைத்து மூடுங்கள். பழத்துக்கு ஐந்து அங்குல வட்டம். ஓரத்தைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தால் சுருக்குப்பை போலக் குவியும். உள்ளே பஞ்சை வைத்து இறுக்கி முடிச்சிட்டு, உச்சியில் ஒரு பச்சைத் துணி இலை. நம் ஊரில் பீச்சு ஏது? நாங்கள் மாம்பழம் என்றே சொன்னோம். மிளகாய்க்கு, ஐந்து அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள சிவப்புத் துணியை நீளவாக்கில் மடித்து, ஒரு முனை கூராகும்படி தைத்துத் திருப்ப வேண்டும். கூர் முனையைத் திருப்புவது கடினம். மழுங்கிய பென்சிலால் தள்ளுங்கள்.

பஞ்சுக்குக் கவலையில்லை. பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடிக்கிறது. ஆனால் அது பறந்து மூக்கில் ஏறும். இழுப்பு உள்ளவர்கள் துணிக் கந்தலையே அடைக்கட்டும். அடைக்கும் வேலைக்குக் கண் வேண்டாம், விரலின் நினைவு போதும். ஆயா கண்ணை மூடிக்கொண்டே அடைத்தார்.

மூன்றாவது மிளகாயில்தான் அது நடந்தது. என் மாதிரியைத் தடவிப் பார்த்த ஆயா, "இது மொளகாயா, முருங்கக்காயா? காம்பு வளையணும்மா" என்று சிரித்தார். தைத்த நூலை லேசாக ஒரு பக்கம் இழுத்து முடிச்சிட்டார். மிளகாய் செடியில் தொங்குவதுபோல் வளைந்துகொண்டது. அன்று நான்தான் மாணவி. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வந்து, தென்னங்குருத்தில் கிளி முடைந்து கொடுத்து, இதையும் கட்டுங்கள் என்றார். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் ஓலைச் சிலுவை முடையும் நம் மாணவிகளுக்கு அந்த மடிப்பு எளிதில் பிடிபட்டது. குருத்துக் கிளி சில நாட்களில் வாடிவிடும். மறுபடி முடைய வேண்டும். தாத்தாவுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

கட்டும்போது முதல் முயற்சியில் பதினொன்றுக்கு ஆசைப்படாதீர்கள். ஐந்து சரம், சரத்துக்கு மூன்று போதும். பூவேலை செய்யும் மரவளையமோ, பழைய முறத்தின் மூங்கில் விளிம்போ வளையமாகும். ஐந்து சரங்களும் சம இடைவெளியில் இல்லாவிட்டால் வளையம் சாய்ந்துவிடும்; எங்களுடையது இரண்டு முறை சாய்ந்தது. மாட்டும் ஆணி கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். முதியோரை முக்காலியில் ஏற்றவே கூடாது.

எங்கள் தோரணத்தில் ஆறு மிளகாய், ஐந்து மாம்பழம், மூன்று முக்கோணம், ஒரு கிளி. குரங்கு யாருக்கும் வரவில்லை. வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்த வட்டாரத்தில் பொம்மை செய்யத் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே குரங்கை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறோம்.

ஜப்பானில், திருநாள் முடிந்ததும் படிப் பொம்மைகளை உடனே எடுத்து வைத்துவிட வேண்டும், தாமதித்தால் அவ்வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகும் என்று சொல்வார்கள். இதை ஆயாவிடம் சொன்னேன். அவர் ஒரு முறை தோரணத்தைத் தொட்டு ஆட்டிவிட்டு, "அப்படியா? அப்ப இது இங்கேயே தொங்கட்டும் டீச்சரம்மா. இவ மொதல்ல படிச்சு முடிக்கட்டும்" என்றார்.