ரெண்டு பேருக்குச் சாப்பிட வேண்டுமா? தாயின் எடையும் குடல் நுண்ணுயிர்களும்

நம் வீடுகளில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் பெரியவர்கள் சொல்வது, "இனி ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்" என்பதுதான். அன்பினால் சொல்வது அது. உம்மா வீட்டிலிருந்து பலகாரம் வரும். மாமியார் வீட்டில் நெய்ச்சோறு வரும். மெலிந்த பெண்ணுக்கு அந்தக் கவனிப்பு தேவை. ஆனால், ஏற்கெனவே எடை கூடியிருக்கும் பெண்ணுக்கு அதே கவனிப்பு தாய்க்கும் சேய்க்கும் சுமையாகிவிடலாம். அது ஏன் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எது அதிக எடை?

உடல் எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் 65 கிலோ இருந்தால் அவருடைய குறியீடு 27. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை என்றும் 30க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்கிறார்கள். நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், இங்குள்ள மருத்துவர்கள் 23ஐ அதிக எடையாகவும் 25ஐ உடற்பருமனாகவும் கணக்கிடுகிறார்கள். கருவுறுவதற்கு முன்பிருந்த எடையைக் கொண்டே இதைப் பார்க்க வேண்டும்.

என்ன ஆபத்து?

கர்ப்பத்தின் பிற்பகுதியில் எல்லாத் தாய்மார்களுக்கும் இன்சுலின் வேலை செய்வது சற்றுக் குறையும். குழந்தைக்குப் போதிய குளுக்கோஸ் போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. எடை கூடிய தாய்க்கு இன்சுலினின் வேலை முன்பே மந்தமாக இருக்கும். அதற்கு மேல் இதுவும் சேரும்போது கணையம் ஈடுகொடுக்க முடியாமல் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது.

தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தை தானே அதிக இன்சுலினைச் சுரந்து, கொழுப்பைச் சேர்த்துப் பெருத்துவிடுகிறது. பிரசவம் சிக்கலாகிறது. பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுவதால் குழந்தையின் சர்க்கரை அளவு திடீரெனக் குறைகிறது. இது தவிர உயர் ரத்த அழுத்தம், சிசேரியன், வயிற்றிலேயே குழந்தை இறப்பது ஆகியவற்றின் வாய்ப்பும் எடை கூடிய தாய்மார்களுக்கு அதிகம்.

குடலில் குடியிருப்பவை

நம் குடலில் கோடானு கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தே அவற்றின் உணவு. அதைப் புளிக்கவைத்து அவை உருவாக்கும் அமிலங்கள் குடல் சுவரைக் காக்கின்றன. நார்ச்சத்து குறைந்து, கொழுப்பும் சீனியும் கூடினால் இந்தக் காவல் தளர்கிறது. பாக்டீரியாக்களின் சிதைவுகள் ரத்தத்தில் கசிந்து, உடல் முழுக்க மெல்லிய அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி இன்சுலினின் வேலையை மேலும் கெடுக்கிறது.

2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பின்லாந்தைச் சேர்ந்த 91 கர்ப்பிணிகளின் குடல் பாக்டீரியாக்கள் முதல் மூன்று மாதத்திலிருந்து கடைசி மூன்று மாதத்துக்குள் பெரிதும் மாறியிருந்தன. கடைசி மாதங்களில் எடுத்த பாக்டீரியாக்களை, கிருமியே இல்லாதபடி வளர்த்த எலிகளுக்குள் செலுத்தியபோது, முதல் மாதங்களின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளைவிட அவை அதிகம் கொழுத்தன. இன்சுலினின் வேலையும் அவற்றில் மந்தமானது. கர்ப்பத்தில் இந்த மாற்றம் இயல்பானதே. எடை கூடிய தாய்மார்களின் குடல் பாக்டீரியாக்கள் தொடக்கத்திலேயே வேறுபட்டிருப்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

கேப்சூல் வாங்கினால் போதுமா?

"நல்ல பாக்டீரியா" என்று மருந்துக்கடைகளில் புரோபயாடிக் கேப்சூல்கள் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் எடை கூடிய 411 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை நோயை அது தடுக்கவில்லை. 2021இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் கூடும் வாய்ப்பும் தெரிந்தது. எனவே மருத்துவர் சொல்லாமல் இவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கும் இதே விதிதான். ஆனால், மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. கூடும் எடையை அளவோடு வைத்துக்கொண்டால் போதும். 2009ஆம் ஆண்டின் அமெரிக்கப் பரிந்துரைப்படி இயல்பான எடையுள்ளவர் 11.5 முதல் 16 கிலோ வரையும், அதிக எடையுள்ளவர் 7 முதல் 11.5 கிலோ வரையும், உடற்பருமன் உள்ளவர் 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம். உங்களுக்கான அளவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீரை, அவரை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கேழ்வரகு, முழுப்பழம், தயிர் ஆகியவை தினமும் இருக்கட்டும். பழச்சாற்றில் நார்ச்சத்து போய்விடும், பழமாகவே கொடுங்கள். பிரியாணியை விலக்க வேண்டியதில்லை. தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் சோற்றையும் கறியையும் வையுங்கள். மருத்துவர் தடுக்காவிட்டால் தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். அந்த நேரத்தில் வீட்டு வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டால்தான் இது நடக்கும்.

தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நோய் இருந்தவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரமலானில், தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்ற மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். சலுகையை எடுத்துக்கொள்ளும் பெண்ணை யாரும் குறைவாகப் பேசக் கூடாது.

குழந்தை பிறந்த பின்

சிசேரியனில் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் பிறப்புவழிப் பாக்டீரியாக்களுக்குப் பதிலாகத் தோலில் இருப்பவையே முதலில் வந்து சேர்கின்றன. அதற்காகத் தேவையான அறுவைச் சிகிச்சையை மறுக்க வேண்டாம். தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரை குழந்தைக்குச் செரிக்காது. குழந்தையின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கே அது உணவு. எனவே எந்தப் பிரசவமானாலும் சீம்பாலை வீணாக்காமல் கூடிய விரைவில் கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும்.

எடை கூடிய பெண்களைப் பரிசோதனைக்கு வரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வெட்கம்தான். "இவ்வளவு குண்டாக இருந்தால் எப்படி" என்ற ஒரு சொல் போதும், அடுத்த மாதம் அவர் வர மாட்டார். எடை என்பது ஒருவரின் ஒழுக்கக் குறை அல்ல. பரம்பரை, வீட்டுச் சமையல், ஓய்வில்லாத வேலை, தூக்கம் என எல்லாம் சேர்ந்து வருவது அது.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டுக் கர்ப்பிணியின் அடுத்த சர்க்கரைப் பரிசோதனை எப்போது? உடன் போவது யார்?
2. இந்த வாரச் சமையலில் எத்தனை நாள் கீரையும் பயறும் இருந்தன?
3. அவர் தினமும் அரை மணி நேரம் நடக்க, நாம் எந்த வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறோம்?