ஸ்பைடர் பிளான்ட்: வாங்குவது முதல் குட்டி பிரிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்காவிலிருந்து உலகமெங்கும் பரவிய செடி இது. தாவரவியலில் குளோரோஃபைட்டம் கோமோசம் என்பார்கள். புதிதாகச் செடி வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் கைகாட்டுவேன். தண்ணீர் ஊற்ற மறந்து போனாலும் தாங்கும். தினமும் ஊற்றினால்தான் அழுகும்.

முதல் படி: செடி வாங்குதல்

இலையின் நடுவே வெள்ளைக்கோடு ஓடும் ரகமும், ஓரங்கள் வெளுத்த ரகமும் நர்சரிகளில் கிடைக்கும். முழுப்பச்சையும் உண்டு. குருத்தைத் தொட்டுப் பாருங்கள். நொளநொளவென்று இருந்தால் வேண்டாம். 'காற்றைச் சுத்தமாக்கும்' என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும், 1989இல் வெளியான நாசா ஆய்வு, மூடிய சிறு அறைகளில் நடந்தது. காற்று வந்துபோகும் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாம் படி: மண்ணும் இடமும்

அடியில் துளையுள்ள தொட்டி கட்டாயம். செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் போதும். வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும், ஆனால் உச்சிவெயில் படக்கூடாது. கிழக்கு ஜன்னலோரம் உத்தமம்.

மூன்றாம் படி: தண்ணீர்

செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று தடித்த கிழங்கு வேர்கள் தெரியும். தண்ணீரை அதில்தான் சேமிக்கிறது. அதனால் நாள்கணக்கு வைக்காமல் விரலை மண்ணில் நுழையுங்கள். மேல் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

நுனி பழுப்பானதும் பலர் இன்னும் ஊற்றுவார்கள். மண் நெடுநாள் காய்ந்து கிடந்தாலும் நுனி கருகும் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் உப்பேறிய போர்வெல் தண்ணீரையும் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரிலுள்ள ஃபுளோரைடும் இந்தச் செடிக்கு ஆகாது. மழைநீர் பிடித்து வைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். உரம் கூடினாலும் இதே கதைதான். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரித்துவிடலாம்.

நான்காம் படி: குட்டி பிரித்தல்

வளர்ந்த செடி நீண்ட தண்டுகளை வெளியே நீட்டும். அதில் சிறு வெள்ளைப் பூக்கள் பூத்து, பிறகு குட்டிகள் தொங்கும். குட்டியின் அடியில் மொட்டு மொட்டாக வேர் முளைக்கும்வரை காத்திருங்கள்.

தண்ணீரில் வேர்விடப் பலருக்கு ஆசை. கண்ணாடிக் குவளையில் பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீரில் நீண்ட வேர் மண்ணுக்குப் பழகத் தடுமாறும். வேர் ஓர் அங்குலம் வந்ததுமே நட்டுவிடுங்கள். என் விருப்பம் வேறு: தாய்த்தொட்டி அருகே சின்னத் தொட்டி வைத்து, தண்டை அறுக்காமலே குட்டியை மண்ணில் அழுத்திவிடுவேன். வேர்பிடிக்கும்வரை தாயே ஊட்டும். சில வாரங்களில் மெல்ல இழுத்துப் பார்த்து, பிடிமானம் தெரிந்தால் தண்டை வெட்டலாம்.

குட்டியே வரவில்லையா? செடி இளசாக இருக்கலாம், அல்லது தொட்டி பெரிதாக இருக்கலாம். வேர் நெருக்கத்தில்தான் தண்டு நீட்ட இதற்கு மனம் வரும். ஆனால் வேர் மண்ணை மேலே தள்ளி, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றால் தொட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது வேர்க்கட்டியை வெளியே எடுத்து, குருத்தும் வேரும் இருக்கும்படி இரண்டாக அறுத்துத் தனித்தனியே நடுங்கள். கிழங்கு ஒன்றிரண்டு வெட்டுப்பட்டால் பரவாயில்லை.