திருப்பிய புத்தகத்துக்கு அபராதமா?

தென்காசி, குற்றாலம் பக்கம் நூலகத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கும் அபராதம் கேட்டால், பணத்தை எடுக்கும் முன் அலமாரியைப் பாருங்கள். பதிவேட்டில் வரவு வைக்க விட்டுப்போன புத்தகம் பல நேரம் அங்கேயே இருக்கும். அதிலுள்ள பதிவு எண்ணை நூலகரிடம் காட்டுங்கள். ஒரே தலைப்பில் பல பிரதிகள் இருக்கலாம் என்பதால் எண்தான் சாட்சி. புத்தகத்திலுள்ள தேதிச் சீட்டையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஆனால் சாரல் காலத்தில் நனைந்தால் சீட்டிலுள்ள முத்திரை மங்கிவிடும். அதனால் திருப்பும்போதே சீட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அப்படியும் தீரவில்லையா? மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம், தயங்க வேண்டியதே இல்லை. அபராதம் கட்டியே ஆக வேண்டுமென்றால், ரசீது வாங்காமல் வராதீர்கள்.