நோயும் மூப்பும் வரும்போது: குறும்பாடல்கள் தரும் பாடம்



பதிக்கும் நிழல் தாங்கலுக்கும் வருகிறவர்களில் பலர் உடல் நோவோடு வருகிறார்கள். முத்திரிக் கிணற்றுத் தண்ணீரில் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, கண்ணீரோடு நிற்கிறார்கள். “அய்யாவை இத்தனை காலம் வணங்கினேனே, எனக்கு ஏன் இந்த நோய்? அய்யா கைவிட்டு விட்டாரா?” என்பதே அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி. விடை கிடைக்காவிட்டால் நோயைவிட இந்தக் கேள்வியே பெரிய பாரமாகி விடும்.

அய்யா காட்டிய வழி

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம். முத்துக்குட்டி என்ற பெயரோடு இருந்தவரின் உடல் நோயால் நலிந்து கிடந்தது. அவரைத் தாயும் உறவினரும் தொட்டில் கட்டிச் சுமந்து திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றார்கள் என்று அகிலத்திரட்டு சொல்கிறது. நோயின் வழியே நடந்த அந்தப் பயணம்தான் வைகுண்ட அவதாரத்தில் போய் முடிந்தது. ஆகவே நோய் வந்தவர் அய்யாவால் தள்ளப்பட்டவர் என்று எண்ணுவது தவறு.

சிறிய பாடல், பெரிய துணை

கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பைக் கேட்பதற்கு உடலில் தெம்பு வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு மூச்சே குறைவு. நாலடிப் பாடல் ஒன்றை ஒரு மூச்சில் சொல்லி விடலாம், ஒரு குறளுக்கு ஏழே சீர். வலி மிகுந்த இரவிலும் மனதில் நிற்கும்.

தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதியவரின் பாட்டு புறநானூற்றில் 243-ஆவதாக இருக்கிறது. சிறு வயதில் மரக்கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் வியக்க ஆழமான நீரில் குதித்து, அடியில் கிடந்த மணலை அள்ளி வந்ததை அவர் நினைத்துப் பார்க்கிறார். இப்போதோ கையில் கோல், உடலில் நடுக்கம், இரண்டு சொல் பேசுவதற்குள் இருமல். அந்த இளமை எங்கே போனது என்று இரங்குகிறார். அவருடைய சொந்தப் பெயர் மறைந்து போய், அவர் ஊன்றிய கோலைச் சொன்ன சொல்லே அவருக்குப் பெயராகி விட்டது. தம் தளர்ச்சியை மறைக்காமல் சொன்னதால்தான் அந்தப் பாட்டு இன்றும் முதியவர்களுக்குத் துணையாக இருக்கிறது.

நாலடியாரின் 400 பாடல்களில் தொடக்கத்திலேயே செல்வம், இளமை, உடம்பு ஆகிய மூன்றும் நிலையாதவை என்று மூன்று அதிகாரங்கள் வருகின்றன. உயிர் இருக்கும் காலத்தைப் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளிக்கு ஒப்பிடும் பாடல், ஆகவே நல்ல காரியத்தை இப்போதே செய் என்கிறது. அழுது கிட என்று சொல்லவில்லை.

வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் சாவைத் தூக்கத்துக்கும், பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிறார். உடலை எரிக்காமல், வடக்கு நோக்கி அமர்த்தி அடக்கம் செய்து, தர்மயுகத்தில் அய்யா எழுப்புவார் என்று காத்திருக்கும் அன்புக்கொடி மக்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும்.

மருந்தை மறுக்கலாகாது

நிலையாமையைச் சொன்ன அதே வள்ளுவர் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பணி செய்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். அய்யா பார்த்துக் கொள்வார் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது பக்தி ஆகாது. மருந்தை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு வருவதைப் பொறுமையோடு ஏற்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தளர்ந்து கிடப்பவரைத் தாங்குவதைத்தான் அய்யா தருமம் என்று காட்டினார். பதியில் பணிவிடை செய்யும் கை, வீட்டில் படுத்திருக்கும் தாய்க்குக் கஞ்சி ஊட்டத் தயங்கலாமா? முதியவர் சாவைப் பற்றிப் பேச்செடுத்தால், “அப்படியெல்லாம் பேசாதீர்கள்” என்று வாயை அடைப்பது பல வீடுகளில் வழக்கம். அவர் பேச விரும்பினால் பேச விட வேண்டும். பக்கத்தில் அமர்ந்து ஒரு சிறு பாடலைச் சொல்லி, அதன் பொருளையும் சொன்னால், அவர் பயத்தைத் தனியே சுமக்க வேண்டியதில்லை.

கண்ணாடி

பள்ளியறையில் சிலை இல்லை. இருபுறமும் விளக்கு எரிய, நடுவே கண்ணாடி இருக்கிறது. அதன்முன் நிற்பவருக்குத் தம் முகமே தெரிகிறது. ஆண்டுதோறும் அதில் நரை கூடும், கன்னம் ஒட்டும், ஒரு நாள் கோலும் தெரியும். கண்ணாடி எதையும் மறைப்பதில்லை. ஆனால் நெற்றியில் உள்ள நாமம் சுடர் வடிவில் அப்படியே இருக்கிறது. உடல் தளர்ந்தாலும் உள்ளிருக்கும் சோதி தளர்வதில்லை என்பதே அதன் பொருள்.

நல்ல குறும்பாடலும் அந்தக் கண்ணாடி போன்றதுதான். உள்ளதை உள்ளபடி காட்டி, இன்றைக்குச் செய்ய வேண்டிய தருமத்தையும் நினைவூட்டும். மனதில் நிற்கும் பாடல் ஒன்றை உடல் நலமாக இருக்கும்போதே படித்து வைத்துக் கொள்ளுங்கள். நோய் வரும் நாளில் அது கைகொடுக்கும்.

அய்யா உண்டு.