கடையில் சரக்கு குறைகிறதா? ஆலோசகரை அழைப்பதற்கு முன்னும் பின்னும்

நாமே பங்குப்பணம் போட்டு நடத்துகிற கூட்டுறவுக் கடை தோட்டத்துக்கு எவ்வளவு உதவி என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. மாதக் கடைசியில் கையில் காசில்லாத நாளிலும் மாவும் பருப்பும் கிடைக்கும். டவுனுக்குப் போய்வரும் பஸ் காசு மிச்சம். இலாபம் வந்தால் அதுவும் அங்கத்தவர்களுக்கே. ஆனால் இப்படியான கடைகளில் அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று உண்டு: "சாமான் வருது, விக்குது, ஆனா காசைத்தான் காணோம்."

அப்படி நடக்கும்போது கூட்டத்தில் யாராவது எழுந்து, "வெளியிலயிருந்து விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பாப்போம்" என்பார்கள். சரக்குக் கணக்கைப் பார்த்து யோசனை சொல்வதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சரக்கிருப்பு ஆலோசகர் என்று சொல்வோம். அவரை எப்போது அழைக்க வேண்டும், அழைப்பதற்கு முன் நாம் என்ன செய்ய வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சரக்கு என்றால் காசு

கடை அலுமாரியில் இருக்கும் ஒவ்வொரு சவர்க்காரக் கட்டியும் அங்கத்தவர் போட்ட காசுதான். காசுப் பெட்டியைப் பூட்டி வைக்கிறோம். சாக்கு மூட்டையை மட்டும் எண்ணாமல் விடலாமா?

தேயிலை ஸ்டோரைப் பாருங்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்து போனால் 21, 22 கிலோ அளவில் தேயிலை வரவேண்டும் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். அது குறைந்தால் உடனே கேள்வி வரும். மடுவத்தில் நம் கொழுந்தை நிறுக்கும்போது அரைக்கிலோ குறைந்தாலும் நாம் சும்மா இருப்பதில்லை. அதே கவனம் நம்முடைய கடைக்கும் வேண்டும்.

சரக்கில் வரும் தொல்லை இரண்டு வகை. ஒன்று, இருக்கவேண்டிய சாமான் இல்லாமல் போவது. மற்றது, விற்காத சாமான் குவிந்து கிடப்பது. குறைவது கண்ணில் படும். குவிவது அவ்வளவு சீக்கிரம் படாது. பத்துப் பெட்டி டின் மீன் அலுமாரியில் தூங்கினால் அந்தக் காசும் தூங்குகிறது. சம்பளம் போடும் 10ஆந் திகதியை ஒட்டிச் சீனி வாங்கக் கையில் காசு இருக்காது. ஆட்கள் டவுன் கடைக்குப் போய்விடுவார்கள்.

முதலில் நாமே எண்ணுவோம்

ஆலோசகரை அழைப்பதற்கு முன் கடைக் குழுவே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரே ஒரு சாமானை எடுத்து ஒரு மாதக் கணக்கைப் பார்ப்பது. உதாரணத்துக்குச் சீனியை எடுப்போம்.

மாதம் முதலாந் திகதி இருந்த சீனி 80 கிலோ.
மாதத்தில் வந்தது 50 கிலோ மூட்டை 6, அதாவது 300 கிலோ.
மொத்தம் 380 கிலோ.
பில் கொப்பியின்படி விற்றது 318 கிலோ.
மிச்சம் இருக்கவேண்டியது 62 கிலோ.
நிறுத்துப் பார்த்தபோது இருந்தது 53 கிலோ.
குறைவு 9 கிலோ.

இந்த இடத்தில்தான் பேச்சு கிளம்பும். பீலிக்கரையில் ஒருத்தர், "கடையில நிக்கிற பிள்ளைதான் எடுத்திருக்கும்" என்பார். அடுத்த நாள் அது லயம் முழுக்கப் பரவிவிடும். ஆனால் கணக்கை இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கடையில் சீனியை 500 கிராம் பக்கட்டாகக் கட்டி விற்கிறார்கள். 318 கிலோ என்றால் 636 பக்கட். தராசு சரியில்லாமல் ஒவ்வொரு பக்கட்டிலும் 10 கிராம் கூடப் போயிருந்தால், 6 கிலோ 360 கிராம் கணக்கில் வராமல் வெளியே போயிருக்கும். லொறியில் வந்த ஒரு மூட்டை கிழிந்து 49 கிலோதான் இருந்தது. அதை நிறுக்காமல் 50 என்று எழுதிவிட்டார்கள். அது 1 கிலோ. கோயில் திருவிழாவுக்குச் சங்கம் ஒன்றரைக் கிலோ கொடுத்தது. அதை எழுத மறந்துபோனது. மூன்றையும் கூட்டினால் 8 கிலோ 860 கிராம். பாக்கி 140 கிராம் சிந்தியிருக்கும், எறும்பு தின்றிருக்கும்.

9 கிலோவுக்கும் கணக்கு வந்துவிட்டது. ஒருவரும் களவெடுக்கவில்லை. ஆனால் எண்ணாமல் பேசியிருந்தால் ஒரு பிள்ளையின் பேர் கெட்டிருக்கும். காசு போனால் சம்பாதிக்கலாம். நாலு பேர் முன்னால் கள்ளி என்று பேர் வாங்கின பிள்ளைக்கு அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆகவே கணக்கு முதலில், பேச்சு பிறகு. கணக்கெல்லாம் பார்த்தும் காரணம் தெரியாமல் மாதா மாதம் குறைந்தால், அப்போது சட்டப்படி விசாரிக்கலாம்.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. கடைத் தராசைக் காலாகாலத்தில் அரசாங்க அளவீட்டுப் பரிசோதகரிடம் காட்டி முத்திரை வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத தராசு வாங்குகிறவருக்கும் நட்டம், விற்கிறவருக்கும் நட்டம்.

கணக்காய்வாளர் வேறு, ஆலோசகர் வேறு

"அதான் வருஷத்துக்கு ஒருக்கா ஓடிட்டர் வர்றாரே" என்று சிலர் கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி சங்கக் கணக்குகள் வருடத்தில் ஒரு தடவையாவது கணக்காய்வு செய்யப்பட வேண்டும். அது நமக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் கணக்காய்வாளர் பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பார்க்கிறவர். சாமான் லொறியிலிருந்து இறங்கி, அலுமாரிக்குப் போய், வாங்குகிறவர் பைக்குள் போகும் வரைக்கும் உள்ள வழியில் எங்கே ஓட்டை என்று பார்ப்பது ஆலோசகரின் வேலை.

நல்ல ஆலோசகர் பொதுவாக இந்த நாலு காரியத்தைச் செய்வார்.

முதலாவது, சாமானை மூன்றாகப் பிரிப்பார். இதை ஏ, பி, சி முறை என்பார்கள். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி என்பவர் 1951இல் எழுதி விளக்கிய முறை இது. கடையில் நூறு வகைச் சாமான் இருந்தாலும், அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, தேங்காய் எண்ணெய் போன்ற சிலவற்றில்தான் பெரும்பகுதிக் காசு முடங்கும். அவற்றை வாரா வாரம் எண்ண வேண்டும். நடுத்தரமானவற்றை மாதம் ஒருமுறை எண்ணினால் போதும். ஊசி, நூல், ரிபன் போன்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம்.

இரண்டாவது, எப்போது ஓடர் போடவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். நம் கடையில் ஒரு நாளைக்கு 12 கிலோ சீனி போகிறது என்று வைப்போம். சொல்லியனுப்பினால் லொறி வர 4 நாள். அதற்கு 48 கிலோ வேண்டும். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் என்று இன்னும் 3 நாளைக்கு 36 கிலோ. ஆக 84 கிலோவுக்கு வந்தவுடன் ஓடர் போடவேண்டும். இது தெரிந்தால் சாமான் தீர்ந்துபோகாது, அளவுக்கு மிஞ்சிக் குவியவும் குவியாது.

மூன்றாவது, அடுக்கும் முறையைத் திருத்துவார். முன்னே வந்தது முன்னே போகவேண்டும். புது மூட்டையைப் பழைய மூட்டைக்கு முன்னால் போட்டால் அடியில் இருக்கும் மாவில் வண்டு விழும்.

நாலாவது, எழுதும் முறையை ஒழுங்காக்குவார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை. வந்தது, போனது, மிச்சம் என்று மூன்று கோடு. கடனுக்குக் கொடுத்ததும் போனதுதான். அதை அன்றைக்கே கடன் கொப்பியிலும் எழுத வேண்டும்.

விலையையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஒரு வருட விலையேற்றம் ஏறக்குறைய 70 வீதமாக இருந்தது. அப்படியான காலத்தில் பழைய விலைக்கு விற்ற காசில் அதே அளவு சாமானைத் திரும்ப வாங்க முடியாது. களவே போகாமல் கடை சுருங்கும். இதையும் சரக்குக் குறைவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கூலி கட்டுமா?

ஆலோசகர் சும்மா வரமாட்டார். ஆகவே முதலில் நட்டத்தைக் கணக்குப் பாருங்கள். மாதம் 4,000 ரூபா குறைகிறது என்றால் வருடத்துக்கு 48,000 ரூபா. அதைத் தடுக்க 1 இலட்சம் ரூபா கொடுப்பது புத்தியல்ல. அப்படியான சின்னக் கடைக்குக் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் யோசனை கேட்கலாம். பல தோட்டச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே ஆலோசகரை அழைத்துச் செலவைப் பங்கிடலாம். கடை பெரிதாகி, சாமான் வகை கூடி, நாமே எண்ணியும் காரணம் பிடிபடாதபோது கூலி கொடுத்து அழைப்பதில் நியாயம் உண்டு.

அழைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பிரச்சினை என்ன என்பதைக் கடதாசியில் இரண்டு வரியில் எழுதுங்கள். "கடை சரியில்ல" என்றால் அவருக்கும் விளங்காது. "ஆறு மாதமாகச் சீனியும் மாவும் குறைகிறது" என்றால் விளங்கும்.

2. கூட்டத்தில் பேசி, தீர்மானத்தைக் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். தலைவரும் பொருளாளரும் மட்டும் முடிவெடுத்தால் பிறகு சந்தேகம் வரும்.

3. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இதற்கு முன் எந்தக் கடைகளில் வேலை செய்தார் என்று கேட்டு, முடிந்தால் ஒரு கடைக்கு நேரில் போய் விசாரியுங்கள்.

4. அவரே கம்பியூட்டரோ, தராசோ, சாமானோ விற்கிறவரா என்று பாருங்கள். விற்கிறவர் சொல்லும் யோசனை தன் சரக்கை விற்பதற்காக இருக்கலாம்.

5. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதை எழுத்தில் வையுங்கள். கூலியை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். வேலை தொடங்கும்போது ஒரு பகுதி, அறிக்கை தந்த பிறகு ஒரு பகுதி, மூன்று மாதம் கழித்து வந்து பார்த்த பிறகு மீதி.

6. அறிக்கை தமிழில் இருக்கவேண்டும். அங்கத்தவர் முன்னால் வாசித்து, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. வங்கிப் புத்தகத்தையோ, காசையோ, கையெழுத்துப் போட்ட வெற்றுக் கடதாசியையோ அவர் கையில் கொடுக்காதீர்கள். கணக்குக் கொப்பிகளைக் கடையில் வைத்தே பார்க்கட்டும்.

8. கடையில் வேலை செய்கிற பிள்ளையிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "உன்னைப் பிடிக்கிறதுக்கு இல்லம்மா, கடையைத் திருத்துறதுக்குத்தான் வர்றாரு." பயந்த பிள்ளை உண்மையை மறைக்கும். நம்பிக்கையுள்ள பிள்ளை எங்கே ஓட்டை என்று தானே காட்டும். தினமும் அந்தத் தராசில் நிறுக்கிறது அதுதானே.

அவர் போன பிறகு

ஆலோசகர் சில நாளைக்குத்தான் இருப்பார். கடை நம்மோடு இருக்கும். ஆகவே உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளையாவது அவர் பக்கத்தில் இருக்கவிட்டு வேலையைப் பழக்குங்கள். ஒரு ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை என்றால் நல்லது. அட்டை எழுதவும், எண்ணவும், 84 கிலோக் கணக்குப் போடவும் அவர்கள் படித்துக்கொண்டால் அடுத்த முறை வெளி ஆள் தேவைப்படாது. சரக்கு எண்ணும் நாளில் கடைக்காரர் ஒருவர், குழுவில் ஒருவர், சாதாரண அங்கத்தவர் ஒருவர் என மூன்று பேர் நின்று, மூவரும் கையெழுத்துப் போடட்டும். மிச்சக் கணக்கைக் கடைக் கதவில் ஒட்டிவிடுங்கள். எல்லோரும் பார்க்கும் கணக்கில் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

கலந்து பேசச் சில கேள்விகள்

1. நம் கடையில் கடைசியாகச் சரக்கு எண்ணியது எப்போது? யார் யார் இருந்தார்கள்?
2. லொறியில் வரும் மூட்டையை இறக்கும்போது நிறுக்கிறோமா?
3. கோயிலுக்கும், மரண வீட்டுக்கும், கூட்டத் தேநீருக்கும் கொடுத்த சாமானை எங்கே எழுதுகிறோம்?
4. மூன்று மாதமாக விற்காமல் கிடக்கும் சாமான்கள் எவை? அவற்றில் முடங்கிய காசு எவ்வளவு?
5. கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய பிறகு ஆலோசகர் தேவையா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். தேவை என்றால் அந்தக் கடதாசியையே அவர் கையில் கொடுங்கள். அவர் வேலையில் பாதியை நீங்களே முடித்திருப்பீர்கள். அந்த அளவுக்குக் கூலியைக் குறைத்துக் கேட்கவும் தயங்க வேண்டாம்.